'ரகசியம்' கேட்காமல் விட்ட கேள்வி

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களுள் 'மர்மதேச'த்திற்குத் தனி இடம் உண்டு. 1990-களில் சன் தொலைக்காட்சியில் வாரந்தோறும் ஒளிபரப்பான இத்தொடரை, 2024-இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுதினார், நாகா இயக்கினார், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. சிறு வயதில் அச்சத்தோடும், பின்னர் யூடியூபில் நிதானமாகவும் இதை விரும்பிப் பார்த்தவர்களுள் நானும் ஒருவன். அந்த விருப்பத்தினால்தான் இந்தக் குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சிறப்பைச் சொல்லிவிடுவோம். 'மர்மதேசம்' வெறும் பேய்க்கதை அன்று. ஒரு நிகழ்ச்சி காட்டப்படும். ஊரார் அதற்குத் தெய்வக் காரணம் கூறுவர். ஒருவர் ஐயம் கொண்டு துருவத் தொடங்குவார். அதாவது கவனித்தல், வினவுதல், ஊகித்தல், சரிபார்த்தல் என்னும் அறிவியல் முறையின் படிகளே கதையின் படிகளாகவும் அமைந்தன. 'விடாது கருப்பு' இதற்கு நல்ல சான்று. தவறு செய்தவர்களைக் கருப்பண்ணசாமி தண்டிக்கிறார் என்று ஊரே நம்புகிறது. இறுதியில், ஒரே மனிதருக்குள் இரு வேறு ஆளுமைகள் இயங்கும் மனக்கோளாறே காரணம் என்று தெரிகிறது. ஊராரின் நம்பிக்கையைக் கேலி செய்யாமலே கதை காரணத்தைக் கண்டுபிடித்தது. பார்வையாளரும் சிந்திக்கப் பழகினர்.

இதே அளவுகோலைக் கொண்டு, அதற்கு முன் வந்த 'ரகசியம்' என்னும் பகுதியை அளந்தால்தான் ஏமாற்றம் ஏற்படுகிறது.

'ரகசியம்' ஒரு நவபாஷாண லிங்கத்தைச் சுற்றிச் சுழலும் கதை. தீராத நோயையும் தீர்க்க வல்லது என்பது அந்த லிங்கத்தின் பெருமை. பழனி மலைக்கோயிலின் மூலவர் திருமேனியைப் போகர் என்னும் சித்தர் ஒன்பது பாஷாணங்களால் செய்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. போகரின் சமாதியும் அக்கோயிலிலேயே உள்ளது. கதையின் கரு இந்த மரபிலிருந்து எடுக்கப்பட்டதே. கதையில் வருவோர் கோயிலில் நிகழும் மர்மங்களைத் துருவுகிறார்கள். ஆனால் லிங்கம் நோய் தீர்க்கும் என்பதை மட்டும் எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சிறு மர்மங்களுக்கெல்லாம் விடை தேடிய கதை, பெரிய மர்மத்தின் முன் கைகூப்பி நின்றுவிட்டது!

கதைதானே, இதில் என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். பாஷாணம் என்றால் நஞ்சு என்பதை மறந்துவிடலாகாது. ஒன்பது பாஷாணங்களின் பட்டியல் நூலுக்கு நூல் மாறும். ஆயினும் பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றின் சேர்மங்களே அவற்றுள் முதன்மையானவை. சித்த மருத்துவம் கூறும் இலிங்கம், பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. நீரில் ஏறத்தாழக் கரைவதே இல்லை. வீரம் என்பது பாதரசமும் குளோரினும் சேர்ந்தது, நீரில் நன்றாகக் கரையும், கொடிய நஞ்சு. இரண்டிலும் பாதரசம் ஒன்றுதான். எதனோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத் தன்மை மாறிவிடுகிறது.

வெள்ளைப் பாஷாணம் என்பது ஆர்சனிக் ட்ரை ஆக்சைடு. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 20 கிராம் வரை கரையக்கூடியது. குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கரையக்கூடிய அளவு, ஏற்கத்தக்க அளவைப்போல் 20 லட்சம் மடங்கு!

இப்போது கேள்வி தெளிவாகிறது. பாஷாணக் கட்டியின் மேல் ஊற்றிய நீரில் எதுவுமே கரையவில்லை என்றால் அதில் மருந்து இருக்க வழியில்லை. ஏதோ கரைகிறது என்றால், எது, எவ்வளவு என்று அளந்தாக வேண்டும். நவபாஷாண மணி என்ற பெயரில் உருண்டைகள் இன்றும் விற்கப்படுகின்றன. அவற்றை ஊறவைத்த நீரை மருந்தாகக் குடிப்போரும் உண்டு. ஆகவே இது கதையோடு முடியும் செய்தி அன்று. நோயுற்று வேறு வழி தெரியாதவரே இவற்றை முதலில் நம்புகிறார்.

அப்படியானால் நஞ்சு மருந்தாகவே முடியாதா? முடியும். அந்த வரலாறு எந்த மர்மத் தொடருக்கும் இளைத்ததன்று. சீனாவின் வடகிழக்கிலுள்ள ஹார்பின் நகர மருத்துவர்களுக்கு 1970-களில் ஒரு நாட்டு மருந்தைப் பற்றித் தெரியவந்தது. அதில் ஆர்சனிக், பாதரசச் சேர்மம், தேரையின் நஞ்சு ஆகிய மூன்றும் இருந்தன. ஜாங் டிங்டாங் என்னும் மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் அதை மூடநம்பிக்கை என்று தள்ளவில்லை. அற்புதம் என்று வணங்கவும் இல்லை. ஒவ்வொரு பொருளாகப் பிரித்துச் சோதித்தனர். பாதரசச் சேர்மம் சிறுநீரகத்தைக் கெடுத்தது. தேரை நஞ்சு இரத்த அழுத்தத்தை உயர்த்தியது. இரண்டையும் நீக்கினர். மிஞ்சியது ஆர்சனிக் ட்ரை ஆக்சைடு, அதாவது நமது வெள்ளைப் பாஷாணம். ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு அது சிறந்த மருந்தாயிற்று. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசும் அதற்கு ஒப்புதல் அளித்தது. இன்றும் மருத்துவர்கள் இதயத் துடிப்பையும் இரத்தத்தையும் கண்காணித்தபடியே, அளந்து செலுத்துகிறார்கள்.

கிராமத்து மருந்து, ஐயம் கொண்ட மருத்துவர், ஒவ்வொன்றாக விலகும் முடிச்சுகள் என்று ஒரு மர்மக் கதைக்கு வேண்டியவை அனைத்தும் இதில் உள்ளன. 'ரகசிய'மும் இவ்வழியில் சென்றிருந்தால் அதன் விறுவிறுப்பு ஒரு சிறிதும் குறைந்திருக்காது. சித்தர்களின் பெருமையும் கூடியிருக்குமே தவிரக் குறைந்திராது. நஞ்சையும் மருந்தாக்கலாம் என்று துணிந்தவர்களுக்குச் சோதனையைக் கண்டு என்ன அச்சம்?

இதே பாதரசம், பழனியிலிருந்து சாலை வழியே சுமார் 65 கி.மீ. தொலைவிலுள்ள கொடைக்கானலில் வேறொரு பாடம் கற்பித்தது. அங்கு 1980-களில் தொடங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்ததை மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிப்படுத்திய பிறகே இது நடந்தது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. பாதரச ஆவிக்கு நிறமோ மணமோ கிடையாது. அறைக்குள் அது இருப்பதைக் கருவியால்தான் அறிய முடியும். ஐதராபாத் அறிவியலாளர்கள் கொடைக்கானல் ஏரியின் நீரையும் வண்டலையும் மீனையும் எடுத்து அளந்த பிறகே, அந்நஞ்சு ஏரிவரை எட்டியிருப்பது எண்களாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாமல் வந்து தாக்கும் ஒன்றைத்தான் நாம் பேய் என்கிறோம். அத்தகைய ஒன்றை இங்கே மந்திரம் பிடிக்கவில்லை, அளவீடே பிடித்தது.

'மர்மதேசம்' வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் அதன் வழி இன்னும் முடியவில்லை. நாகா 2024-இல் 'ஐந்தாம் வேதம்' என்னும் தொடரை இணையத்துக்காக இயக்கியுள்ளார். இனி எழுதுவோரும் சித்தர்களையும் கோயில்களையும் நாடுவார்கள். நாடட்டும், நம் மண்ணின் செல்வம் அது. பார்வையாளராகிய நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கதையில் வரும் துப்பறிவாளர் எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுக் கடைசிக் கதவில் மட்டும் தயங்கி நிற்கலாகாது. அந்தக் கதவுக்கு அப்பால் ஒரு நோயாளி கையில் குவளையோடு இருக்கக்கூடும். அதிலுள்ள நீரில் என்ன கரைந்திருக்கிறது என்று அவருக்காகக் கேட்க வேண்டாமா?