அலைவரிசை உண்டு, செய்தி கிடையாது

பாம்பன் மீனவர்களுக்கான சமுதாய வானொலி ‘கடல் ஓசை’ 2016 ஆகஸ்ட் 15 அன்று 90.4 பண்பலையில் ஒலிக்கத் தொடங்கியது. காற்றின் வேகம், அலையின் உயரம், இன்று கடலுக்குப் போகலாமா என்ற எச்சரிக்கை, மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள், பருவநிலை மாற்றம், மீனவர் பாட்டு எல்லாம் அதில் உண்டு. நிகழ்ச்சி தருபவர்களில் பலர் மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆனால் அந்தக் கரையிலிருந்து போன விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றால், காத்திருக்கும் குடும்பத்தாரிடம் பேசி, அதிகாரிகளிடம் விசாரித்து, மாலையில் தன் சொந்தச் செய்தியாக வாசிக்க அந்த நிலையத்துக்கு அனுமதி இல்லை. அகில இந்திய வானொலி அதைப் பற்றிச் சொன்னால் மாற்றாமல் மறுஒலிபரப்பு செய்யலாம். அவ்வளவுதான்.

பாம்பனுக்கு மட்டும் நேர்ந்த குறை இல்லை இது. 2024 கணக்கில் நாட்டில் ஏறத்தாழ 500 சமுதாய வானொலிகள் இருந்தன. கலை, இசை, அறிவியல் என்று அவை செய்திருக்கும் வேலை மதிப்புக்குரியது. நடப்பு விவகாரம் மட்டும் விலக்கப்பட்ட சரக்கு. இந்த விலக்கு மற்ற மூன்றையும் சேர்த்தே முடக்குகிறது என்று நினைக்கிறேன்.

நாட்டில் சமுதாய வானொலிக்குத் தொடக்கம் ஒரு கிரிக்கெட் வழக்கு. ஒளிபரப்பு உரிமை குறித்து வங்காள கிரிக்கெட் சங்கமும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் மோதிய அந்த வழக்கில், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே பெங்களூருவில் கூடிய ஆர்வலர்கள் மக்கள் வானொலிக்கு உரிமம் கேட்டுப் பிரகடனம் வெளியிட்டார்கள். அரசு அசைய வருடங்கள் பிடித்தன. முதலில் 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை நாட்டின் முதல் வளாக வானொலியானது. தொண்டு நிறுவனங்களும் உரிமம் பெறலாம் என்ற கொள்கை 2006 நவம்பரில்தான் வந்தது.

இந்தத் தாமதத்தின் விலையை அறிய ஜஹீராபாத் பக்கம் மாச்சனூருக்குப் போக வேண்டும். இன்று தெலங்கானாவில் இருக்கிறது அந்த ஊர். தக்காண மேம்பாட்டுச் சங்கத்தின் தலித் பெண்கள், சிறுதானியம் பயிரிடும் கூலி விவசாயிகள், யுனெஸ்கோவின் உதவியோடு தொண்ணூறுகளின் இறுதியிலேயே நிலையம் அமைத்துவிட்டார்கள். கருவிகள் தயார், பேசப் பெண்கள் தயார், உரிமம் மட்டும் இல்லை. அவர்கள் சும்மா இருக்கவில்லை. விதை சேமிப்பு, கைவைத்தியம், நடவுப் பாட்டு, கதை என்று ஒலிநாடாவில் பதிந்து, ஊர் ஊராகச் சங்கக் கூட்டங்களுக்கு எடுத்துப்போய்ப் போட்டுக் காட்டினார்கள். ஏறத்தாழப் பத்தாண்டு இப்படியே ஓடியது. 2008 அக்டோபர் 15 அன்று ‘சங்கம் ரேடியோ’ வானில் ஏறியபோது தொடங்கிவைத்தவர் நீதிபதி பி.பி. சாவந்த், 1995 தீர்ப்பை எழுதியவர். நிலையத்தை நடத்தியவர்கள் ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்ற இரு இளம்பெண்கள். கிழவியின் வாயில் மட்டும் இருந்த விதையறிவு அங்கே ஆவணமாகியிருக்கிறது. கலை, இசை, அறிவியல் என்று நாம் பிரித்துவைப்பதெல்லாம் ஒரே அரைமணி நிகழ்ச்சியில் கலந்து வருவதே சமுதாய வானொலியின் தனிச்சிறப்பு.

தமிழ்நாட்டில் நிலையங்கள் அதிகம். ஆனால் பெரும்பாலானவை கல்லூரிகளின் கையில் இருப்பவை. மாணவர் பயிற்சி பெறுகிறார்கள், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதியில் பெண்களுக்கான உடல்நல, ஊட்டச்சத்துத் தொடர்கள் வந்தன, நல்லதுதான். நிர்வாகத்துக்குச் சங்கடம் தரும் எதுவும் அங்கே ஒலிக்காது என்பதும் உண்மை. சுயேச்சை என்ற சொல்லுக்கு அவற்றில் பல தகுதியானவை அல்ல.

விதிகளைப் பாருங்கள். 100 வாட் திறன், 30 மீட்டர் கோபுரம், சுற்றுவட்டாரத்தில் பத்து கிலோமீட்டர் எட்டினால் பெரிது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும். இது அருமையான விதி. செய்தி கூடாது என்ற விதியிலிருந்து சிலவற்றுக்கு விலக்கு உண்டு: வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவுகள், குடிநீர், மின்சாரம் பற்றிய அறிவிப்புகள். ஆக, நாளை மின்தடை என்று அறிவிக்கலாம். நான்கு நாளாக ஏன் மின்சாரம் வரவில்லை என்று பொறியாளரிடம் கேட்டால் அது நடப்பு விவகாரமாகிவிடுமோ என்று நிலையத்தார் அஞ்சுவார்கள். அந்த அச்சத்தில் கேள்வியே எழாமல் போகிறது. பள்ளிக் கழிப்பறையைப் பற்றிக் கேட்க முடியாத வானொலி சுகாதாரம் பற்றி எத்தனை தொடர் போட்டு என்ன?

நேபாளத்தில் வேறு கதை. 1997 மே மாதம் காத்மாண்டுவில் தொடங்கிய ‘ரேடியோ சாகர்மாதா’ தெற்காசியாவின் முதல் சுதந்திரச் சமுதாய வானொலி. சுற்றுச்சூழல் பத்திரிகையாளர்கள் பல ஆண்டு போராடிப் பெற்ற உரிமம் அது. பண்பலைகளில் செய்தி கூடாது என்று அரசு போட்ட உத்தரவை 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2005 பிப்ரவரியில் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கையில் எடுத்ததும் மீண்டும் தடை வந்தது. செய்தியாளர்கள் தெருவில் நின்று ஒலிபெருக்கியில் செய்தி வாசித்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில், மாவோயிஸ்ட் தலைவர் பிரசந்தாவின் பிபிசி நேர்காணலை ஒலிபரப்பப் போனதற்காகச் சாகர்மாதாவில் காவல்துறை புகுந்து ஊழியர்களைக் கைது செய்து கருவிகளை அள்ளிச் சென்றது. நீதிமன்றம் தலையிட்டு ஒலிபரப்பை மீட்டுத் தந்தது. நேபாளம் செய்தியை அனுமதித்ததால் நாடு சிதறிப்போகவில்லை.

நம் நாட்டிலும் ஒருமுறை உள்ளூர்ச் செய்தியின் தேவை வெளிப்படையாகத் தெரிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடலூரில் 107.8இல் ‘பேரிடர் கால வானொலி’ என்ற தற்காலிக நிலையம் இயங்கியது. எந்த ஊரில் என்ன தேவை, உதவி எங்கே கிடைக்கும் என்று அது பேசியது. பேரிடருக்கு மட்டும் இதற்கு இடம் உண்டு, ரேஷன் கடைக்கும் ஊராட்சிக்கும் இல்லை என்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

2013இல் ‘காமன் காஸ்’ அமைப்பு வானொலிச் செய்தித் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. தீவிரவாதிகள் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பது அரசின் வாதம். தொலைக்காட்சிக்கும் நாளிதழுக்கும் கைப்பேசிக்கும் இல்லாத அபாயம் பத்து கிலோமீட்டர் பண்பலைக்கு மட்டும் எப்படி வரும்? 2024 பிப்ரவரியில் சென்னையில் வெளியான திருத்தக் கொள்கை விளம்பர நேரத்தை மணிக்கு 7இலிருந்து 12 நிமிடமாகவும், விளம்பரக் கட்டணத்தைப் பத்து வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாகவும் உயர்த்தியது. வருமானமின்றித் தள்ளாடும் நிலையங்களுக்கு அது தேவைதான். செய்தித் தடை மட்டும் நீங்கவில்லை.

உரிமத்தில் உள்ள அந்தத் தடையை அரசு நீக்க வேண்டும். சரிபார்ப்பு விதிகள், புகார்க் குழு, மறுப்புக்கு இடம் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளட்டும். அதுவரை வாசகர்கள் ஒன்று செய்யலாம்: உங்கள் ஊரில் சமுதாய வானொலி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் கேளுங்கள். நிலையத்துக்கு நேரில் போய் உங்கள் ஊர்ப் பிரச்சினையைப் பேச நேரம் கேளுங்கள்.