திறமூல அறிவுச் சட்டகங்களின் பதிப்பெண்: வடிவ மாற்றமும் பொருள் மாற்றமும்

முன்னுரை

ஒரு துறையின் கருத்துவகைகளையும் அவற்றிடையே உள்ள உறவுகளையும் வரையறுத்துக் கணினி கையாளத்தக்க வடிவில் தருவது அறிவுச் சட்டகம் எனப்படும். அருங்காட்சியகத் துறையில் வழங்கும் சிடாக் சிஆர்எம், உயிரியலில் வழங்கும் ஜீன் ஆன்டாலஜி ஆகியன எவரும் பயன்படுத்துமாறு திறந்த முறையில் வெளியிடப்படுபவை. இவை தொடர்ந்து திருத்தம் பெறுவதால் ஒவ்வொரு வெளியீட்டையும் வேறுபடுத்திக் காட்டப் பதிப்பெண்ணோ வெளியீட்டு நாளோ தேவைப்படுகிறது. மென்பொருளுக்கென உருவான பதிப்பெண் முறை அறிவுச் சட்டகங்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பொருண்மைப் பதிப்பெண் முறை

இன்று திறமூல உலகில் பெரிதும் பின்பற்றப்படுவது டாம் பிரஸ்டன்-வெர்னர் வகுத்த ‘செமாண்டிக் வெர்ஷனிங்’ என்னும் பொருண்மைப் பதிப்பெண் முறையாகும். இதன் 2.0.0 பதிப்பு 2013இல் வெளிவந்தது. இம்முறையில் பதிப்பெண் மூன்று எண்களால் ஆனது. பழைய பயன்பாட்டோடு ஒவ்வாத மாற்றம் நிகழின் முதல் எண்ணும், ஒத்துப்போகும் புதுவசதி சேரின் இரண்டாம் எண்ணும், பிழை திருத்தப்படின் மூன்றாம் எண்ணும் உயரும். மாற்றத்தின் தன்மையை எண்ணைக் கொண்டே பயனாளர் உணரச் செய்வது இதன் சிறப்பு.

எனினும், இம்முறை தனக்கொரு முன்நிபந்தனையை விதிக்கிறது. மென்பொருள் தன் பொது இடைமுகத்தை முதலில் அறிவித்திருக்க வேண்டும். ஒவ்வாமை அந்த இடைமுகத்தைக் கொண்டே அளக்கப்படும். அறிவுச் சட்டகத்திற்கு இடைமுகம் எது என்னும் வினா இங்கே எழுகிறது. வகைகளின் குறியீடுகளா, பெயர்களா, வரையறைகளா, அவற்றிலிருந்து பெறப்படும் முடிவுகளா? இவ்வினாவுக்கு விடை காணாமல் மூன்று எண்களை மட்டும் கடன்வாங்குவது பயன் தராது. பெயரில் பொருண்மை இருப்பினும் இம்முறை அளப்பது பயன்பாட்டு ஒவ்வுமையையே அன்றிக் கருத்தின் பொருளை அன்று.

வடிவமும் பொருளும்

இரு நிலைகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். முதலாவது, பொருள் மாறாமல் வடிவம் மாறுவது. சிடாக் சிஆர்எம் சட்டகத்தில் இ78 என்னும் வகை முன்பு ‘கலெக்ஷன்’ எனப் பெயர் பெற்றிருந்தது. பின்னர் ‘கியூரேட்டட் ஹோல்டிங்’ என மாற்றப்பட்டது. ஒரு நோக்கத்திற்காகத் திட்டமிட்டுத் திரட்டிப் பேணப்படும் தொகுதி என்னும் கருத்து முன்பே வரையறையில் இருந்தது. புதுப்பெயர் அதனைத் தெளிவாக்கியது. ஆனால் இச்சட்டகத்தின் கணினி வடிவத்தில் எண்ணோடு பெயரும் சேர்ந்தே முகவரியாக அமைந்ததால், பழைய முகவரியை நம்பிய நிரல் புதிய பதிப்பில் அவ்வகையைக் காணாது. கருத்தளவில் சிறு தெளிவுரை, கணினியளவில் பெரிய முறிவாகிறது.

இரண்டாவது, வடிவம் மாறாமல் பொருள் மாறுவது. இதனை ஒரு கற்பனைச் சட்டகத்தால் விளக்கலாம். சிலப்பதிகாரத்திற்கு அரும்பதவுரை, அடியார்க்கு நல்லார் உரை என இரு பழைய உரைகள் உள்ளன. ஒரு சட்டகத்தின் முதற்பதிப்பு அரும்பதவுரையைச் ‘சொற்குறிப்பு’ என்னும் வகையிலும், மற்றதை ‘உரை’ என்னும் வகையிலும் வைத்தது எனக் கொள்வோம். அடுத்த பதிப்பு ‘சொற்குறிப்பு’ வகையை ‘உரை’யின் உட்பிரிவாக்குகிறது. தரவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எந்த நிரலும் தடைபடவில்லை. ஆயினும் ‘சிலப்பதிகாரத்தின் பழைய உரைகள் எத்தனை?’ என்னும் வினாவுக்கு நேற்று ஒன்று எனவும் இன்று இரண்டு எனவும் விடை வரும். மென்பொருள் அளவுகோல் இதனை இரண்டாம் எண்ணின் உயர்வாகவே கணக்கிடும். ஆய்வாளருக்கோ இதுவே முதன்மையான மாற்றம்.

நாளும் நிலைப்பும்

1998இல் தொடங்கிய ஜீன் ஆன்டாலஜி தன் வெளியீடுகளை நாளால் சுட்டுகிறது. கைவிடப்பட்ட கருத்தின் குறியெண்ணை அது அழிப்பதில்லை. வழக்கொழிந்ததெனக் குறித்து, இயலுமிடத்து மாற்றுக் கருத்தையும் சுட்டுகிறது. பழைய ஆய்வின் தடம் இதனால் காக்கப்படுகிறது. ஆனால் நாள் எப்போது என்பதைக் கூறுமே தவிர, என்ன மாறியது என்பதைக் கூறாது.

முழு நிலைப்புக்கும் விலை உண்டு என்பதற்கு ஒருங்குறி சான்று. எழுத்துருக்களுக்கு ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது அதன் கொள்கை. அதனால் தமிழ் ஆய்த எழுத்து ‘விசர்க்கம்’ என்னும் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. ‘ஆய்தம்’ என்பது பெயர்ப்பட்டியலில் துணைக்குறிப்பாக மட்டுமே இடம்பெறுகிறது. பெயரை மாற்றிய சிஆர்எம் முகவரியை இழந்தது. பெயரை மாற்றாத ஒருங்குறி பிழையைச் சுமக்கிறது. குறியீட்டைப் பெயரினின்று பிரித்து வைப்பதே இவ்விரு இடர்களையும் தவிர்க்கும் வழி எனலாம்.

2009இல் பரிந்துரைக்கப்பட்ட ‘ஆவுல் 2’ மொழி, முந்தைய பதிப்பு எது, எதனோடு ஒத்துப்போகும், எதனோடு ஒத்துப்போகாது என அறிவிக்க இடம் தருகிறது. ஆயினும் இவை குறிப்புகளே; தருக்க முடிவுகளை இவை பாதிப்பதில்லை. உண்மையாக அறிவிப்பது தொகுப்பாளர் பொறுப்பாகவே எஞ்சுகிறது.

முடிவுரை

பொருண்மைப் பதிப்பெண் முறை தவறானது அன்று. அது சொல்லாததைச் சொல்வதாகக் கொள்வதே தவறு. எனவே அறிவுச் சட்டகத்தின் ஒவ்வொரு வெளியீடும் வடிவ மாற்றத்தை எண்ணாலும், பொருள் மாற்றத்தைத் தனிப் பட்டியலாலும் அறிவித்தல் வேண்டும். கைவிட்ட குறியெண்களை மறுபயன்பாட்டிற்கு உட்படுத்தலாகாது. ஆய்வாளர் தரப்பிலும் ஒரு கடமை உண்டு. சிஆர்எம் சட்டகத்தின் பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 21127, 2006, 2014, 2023 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு பதிப்புகளாக வந்துள்ளது; தர எண்ணை மட்டும் சுட்டினால் எப்பதிப்பு என்பது விளங்காது. அச்சு நூலை மேற்கோள் காட்டும்போது பதிப்பைக் குறிப்பிடும் நாம், சட்டகத்தின் வழிப் பெற்ற எண்ணிக்கையைப் பதிப்பின்றித் தருகிறோம். அரும்பதவுரையை எண்ணினோமா, விட்டோமா என்பதைப் பின்வருபவர் அறிய வழியின்றேல், அவ்வெண்ணிக்கை சரிபார்க்க இயலாத கூற்றாகவே நிற்கும்.