பட்டும் பெண் உழைப்பும்: இரு புனைவுகள்

பட்டுத்தொழிலைப் பேசும் புனைவுகளில் பெண் பட்டை ஆக்குபவளாக இடம்பெறுகிறாளா, உடுத்துபவளாக மட்டுமே இடம்பெறுகிறாளா என்னும் வினா முதன்மையானது. பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ (2008) திரைப்படத்தையும் கெயில் சுகியாமாவின் ‘விமன் ஆஃப் தி சில்க்’ (1991) என்னும் ஆங்கில நாவலையும் இணைத்து நோக்குகையில் இவ்வினா கூர்மை பெறுகிறது.

சுகியாமாவின் நாவல் 1919இல் தென்சீனச் சிற்றூரில் தொடங்குகிறது. வறுமையால் தந்தை தன் மகள் பெய்யைச் சிறுவயதிலேயே பட்டாலை வேலைக்கு அனுப்பிவிடுகிறார். தாயின் வாழ்வு பிள்ளைப்பேற்றிலும் பிள்ளைச்சாவிலும் கழிகிறது. தமக்கை கொடிய கணவனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். விற்கப்பட்டவள் போன்ற பெய்யின் கையில்தான் கூலி வந்து சேர்கிறது என்பது நாவலின் முரண். பட்டாலைப் பெண்கள் மணமான பெண்போலத் தாமே கூந்தலை முடிந்துகொண்டு, மணம் செய்வதில்லை என உறுதி ஏற்கின்றனர். குவாங்டோங் பகுதியில் உண்மையாகவே நிலவிய வழக்கம் இது. பூச்சூடும் உரிமையைக் கணவனோடு பிணைத்த தமிழ் மரபினர்க்கு இச்சடங்கின் வீறு எளிதில் விளங்கும்.

‘காஞ்சிவரம்’ நெசவாளி வேங்கடத்தின் கதை. மகள் தாமரையைப் பட்டுடுத்தி மணமுடித்து அனுப்புவதாக அவன் வாக்களிக்கிறான். அதற்காக நூலை வாயில் மறைத்துத் திருடுகிறான். தான் முன்னின்ற வேலைநிறுத்தத்தையே முறிக்கிறான். சிறந்த படத்திற்கான தேசிய விருது பெற்ற இப்படத்தின் வலிமை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. எனினும், மனைவி அன்னமும் மகளும் கதையின் இயக்கத்தில் பட்டைப் பெறவேண்டியவர்களாகவே நிற்கின்றனர். நெசவாளர் வீட்டின் நடைமுறையோ வேறு. தார் சுற்றுவதும் நூல் இழைப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடும். உடனிருந்து கரை நாடாவை வீச இன்னொருவர் வேண்டும். அவ்வொருவர் பல வீடுகளில் மனைவியோ பிள்ளையோதான். கூலி மட்டும் நெசவாளி பெயரில் எழுதப்படும். இவ்வுழைப்பு கதைக்குள் வந்திருந்தால், வேங்கடத்தின் வாக்கு தந்தையின் கொடையாக அன்றி, வீட்டுப் பெண்களுக்குச் சேரவேண்டிய கடனாகத் தோன்றியிருக்கும்.

காஞ்சித் தறிகளுக்கு நெடுங்காலமாகக் கச்சாப் பட்டு அனுப்பிவரும் கர்நாடகத்திற்கும் இவ்வினா உரியதே. பெங்களூருக்கு ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள ராமநகரத்தில் கொதிநீரில் கைவிட்டுக் கூட்டிலிருந்து இழை பிரிக்கும் பெண்கள், பெய்யின் தொழிலையே செய்கின்றனர். சேலையின் முதல் இழை அவர்கள் கையில் தொடங்குகிறது; வேங்கடத்தின் கதையோ தறியிலிருந்துதான் தொடங்குகிறது.

இறுதிக் காட்சியில், நெய்து முடியாத பட்டுத்துணியால் மகளின் உடலை மூட முயல்கிறான் வேங்கடம். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம் தெரிகிறது.