வாரிசுரிமையின் வரவும் செலவும்: ஷாம்பேன் சீமையை முன்வைத்து

தந்தைக்குப் பின் மகன் என்பது இடைக்கால பிரான்சின் சீமைகளில் தொடக்கம் முதலே இருந்த விதி அன்று. கரோலிங்கிய மன்னர்கள் காலத்தில் சீமையை ஆண்டவர் அரசன் நியமித்த அதிகாரி. அரசன் நினைத்தால் அவரை மாற்றலாம். 877இல் மன்னன் சார்லஸ் இத்தாலிக்குப் புறப்படும்போது கியெர்சியில் ஓர் ஆணை பிறப்பித்தான். ஓர் அதிகாரி இறந்து, அவருடைய மகன் அரசனோடு படையில் இருந்தால், தன் முடிவு தெரியும்வரை அந்தச் சீமையைக் காத்துவைக்க வேண்டும் என்றது அது. அந்த ஒருகால ஏற்பாட்டில் தெரிந்த போக்கு அடுத்த தலைமுறைகளில் வழக்கமாக இறுகியது. பதவி குடும்பச் சொத்தாயிற்று.

இந்த வழக்கத்தின் நன்மை தீமைகளை எடைபோடப் பாரிசுக்குக் கிழக்கே இருந்த ஷாம்பேன் சீமை பொருத்தமானது. லாஞ்யி, பார்-சுர்-ஓப், ப்ரோவேன், த்ருவா ஆகிய ஊர்களில் ஆண்டு முழுவதும் மாறி மாறி நடந்த ஆறு சந்தைகளுக்கு பிளாண்டர்சின் துணியும் இத்தாலிய வணிகரின் பணமும் வந்து சேர்ந்தன. இவ்வளவு செல்வமுள்ள சீமையில் அடுத்த பிரபு யார் என்ற கேள்வி வெறும் குடும்ப விவகாரமாக நின்றுவிடாது.

முதலில் நிறைகளைப் பார்ப்போம். 1152இல் இரண்டாம் திபோ இறந்தபோது மூத்த மகன் ஹென்றி ஷாம்பேனை எடுத்துக்கொண்டார். தம்பிகளில் ஒருவருக்கு ப்ளுவா, இன்னொருவருக்கு சான்செர். ஆனால் தம்பிகள் தங்கள் சீமைகளை அண்ணனுக்கு அடங்கியே வைத்திருந்தார்கள். பாகமும் பிரிந்தது, தலைமையும் சிதறவில்லை. அதே ஹென்றியின் காலத்தில், 1170களில், தமக்கு விசுவாசப் பிரமாணம் செய்து நிலம் வைத்திருந்தவர்களின் பட்டியல் எழுதப்பட்டது. அதில் இரண்டாயிரத்தை நெருங்கும் பெயர்கள். தன் மகனும் ஆளப்போகிறான் என்ற உறுதி உள்ளவனே இப்படிக் கணக்கெழுத மெனக்கெடுவான். அடுத்த ஆண்டு மாற்றலாகிப் போகும் அதிகாரிக்கு அந்த அக்கறை வராது.

இரண்டாவது நிறை, அந்த வழக்கம் பெண்களுக்குத் திறந்துவிட்ட கதவு. வாரிசு சிறுவன் என்றாலோ சிலுவைப் போருக்குப் போய்விட்டான் என்றாலோ தாயே ஆட்சியை நடத்தினார். ஹென்றியின் மனைவி மரீ, அவருக்குப் பின் மருமகள் பிளான்ஷ் என 1181க்கும் 1222க்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஷாம்பேனை நடத்தியவர்கள் இரண்டு சீமாட்டிகள். பிரபு இல்லாத காலத்திலும் வரி வசூலானது, வழக்குகள் தீர்ந்தன, சந்தைகள் கூடின. ஆளும் குடும்பம் இது என்று ஐயமில்லாமல் தெரிந்ததால்தான் இது நடந்தது.

குறை வேறிடத்தில் இருந்தது. மகனுக்கு உரிமை என்று வழக்கம் தெளிவாகச் சொன்னது. மகன் இல்லாமல் மகள் மட்டும் இருந்து, கூடவே ஒரு தம்பியும் இருந்தால்? அங்கே வழக்கம் வாய் திறக்கவில்லை. 1190இல் புனித பூமிக்குப் புறப்பட்ட இரண்டாம் ஹென்றி, தான் திரும்பாவிட்டால் தம்பி திபோவே பிரபு என்று தன் கீழிருந்த பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார். அங்கே ஜெருசலேம் அரசி இசபெல்லாவை மணந்து பெண்களைப் பெற்றார். 1197இல் ஆக்ரே மாளிகையின் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். தம்பி மூன்றாம் திபோவும் 1201 மே மாதம் இறக்க, சில நாள்களிலேயே அவருடைய மகன் நான்காம் திபோ பிறந்தான்.

நிறைமாதக் கர்ப்பிணியாக விதவையான பிளான்ஷ் செய்த முதல் வேலை மன்னன் பிலிப் ஆகஸ்டஸை நாடியது. அவன் பாதுகாப்பைச் சும்மா தரவில்லை. தன் அனுமதியின்றி மறுமணம் செய்வதில்லை என்று வாக்கு வாங்கினான், கோட்டைகளைப் பிணையாகப் பெற்றான். பின்னர், சிறுவனுக்கு 21 வயது ஆகும்வரை எதிர்வழக்கை ஏற்பதில்லை என்ற உறுதிக்குப் பணமும் வாங்கிக்கொண்டான்.

இதற்கிடையே இரண்டாம் ஹென்றியின் மகள் பிலிப்பாவை மணந்த ப்ரியேன் எரார், மனைவி பேரில் சீமைக்கு உரிமை கோரினார். இசபெல்லாவின் முதல் கணவர் உயிரோடிருக்கையில் நடந்த திருமணம் அது, பிலிப்பா முறையான மகளே அல்ல என்பது பிளான்ஷ் தரப்பின் வாதம். ஆனால் மகள் என்பதற்காகவே பிலிப்பாவை ஒதுக்க முடியாது. மகன் இல்லாத வீட்டில் கோட்டைகளை மகள்களிடையே எப்படிப் பிரிப்பது என்று 1212இல் பிளான்ஷே தன் பிரபுக்களுடன் கூடி விதி வகுத்திருந்தார். கீழே இருந்தவர்களின் மகள்களுக்குக் கிடைத்த உரிமை, மேலே இருந்த பிரபுவின் மகளுக்கு மட்டும் ஏன் இல்லை? இந்தக் கேள்விக்கு நேரான பதில் வரவே இல்லை. 1216இல் மெலனில் கூடிய அரச மன்றமும், பிளான்ஷும் மகனும் ஏற்கெனவே ஏற்கப்பட்டவர்கள் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. போர் தொடர்ந்தது. எராருக்குத் துணைநின்ற லொரைன் பிரபுவின் நான்சி நகரம் 1218இல் எரிந்தது. 1221இல்தான் எரார் கைவிட்டார்.

தங்கை ஒதுங்கியதும் அக்காள் வந்தார். சைப்ரஸ் அரசி ஆலிஸின் உரிமையைத் தீர்க்க 1234இல் 40,000 லீவ்ரும், ஆண்டுக்கு 2,000 லீவ்ர் வருவாயும் தேவைப்பட்டன. அந்தத் தொகைக்காக நான்காம் திபோ ப்ளுவா, ஷார்த்ர், சான்செர், ஷாத்தோதன் மீதிருந்த மேலுரிமையை மன்னன் ஒன்பதாம் லூயிக்கு விற்றார். 1152இல் தம்பிகளை அண்ணனோடு கட்டிவைத்திருந்த கயிறு அதுவே. பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதை நமக்குத் தெரியும். ஷாம்பேனில் தராசு பிடித்தவன் பிரான்சின் மன்னன்.

மிச்சத்தைத் திருமணம் முடித்தது. 1274இல் சீமை கைக்குழந்தையான ஜானிடம் வந்தது. 1284இல் அவள் பிற்கால மன்னன் நான்காம் பிலிப்பை மணந்தாள். அவளுடைய பேத்தி, நவாரின் இரண்டாம் ஜான், 1328இல் நவாரைப் பெற்றும் ஷாம்பேனைப் பெற முடியவில்லை. ஈட்டோடு நிற்க வேண்டியதாயிற்று.

பரம்பரை ஆட்சியைக் குழப்பத்தின் வேர் என்று ஒரேயடியாகத் தள்ளுவது தவறு. நூற்றாண்டுக்கும் மேலாகக் கணக்கும் நீதியும் சந்தையும் தொடர்ந்ததற்கு அந்த வழக்கமே அடிப்படை. ஆனால் இரு உறவுகள் மோதினால் யார் முன், யார் பின் என்பதை அது முன்கூட்டி எழுதிவைக்கவில்லை. எழுதாத இடத்தில் தீர்ப்பளிக்கத் தனக்கென ஒரு மன்றத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. தீர்ப்புக்காக வெளியே போன ஒவ்வொரு முறையும் சீமை தன்னில் ஒரு பகுதியை விட்டுவிட்டு வந்தது. வாரிசுரிமை ஷாம்பேனைச் சிதறாமல் காத்தது, ஆனால் சுதந்திரமாக வைத்திருக்கவில்லை. 1361இல் அந்தச் சீமை முறைப்படி பிரெஞ்சு அரசுடைமையோடு இணைக்கப்பட்டது.