கைமாறிய தேவாலயமும் காக்கப்பட்ட கற்களும்

வழிபாட்டுத்தலம் ஒன்றைக் கைப்பற்றியவர் யார் என்பதை வரலாறு எளிதில் சொல்லிவிடும். அவர் முன்னவரின் சுவடுகளை என்ன செய்தார் என்பதே அவருடைய பண்பாட்டை அளக்கும் கோலாகும். கொச்சிக் கோட்டைப் பகுதியிலுள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தைப் பேசும் பயண நூல்கள் பெரும்பாலும், வாஸ்கோடகாமா புதைக்கப்பட்ட இடம் என்ற ஒற்றைச் செய்தியோடு நின்றுவிடுவது குறையே.

1503இல் போர்த்துக்கேயர் தம் கோட்டைக்குள் மரத்தால் எழுப்பிய ஆலயம், பிரான்சிஸ்கன் துறவியரால் மீண்டும் உறுதியாகக் கட்டப்பட்டு 1516இல் நிறைவுற்றது. 1663இல் கொச்சியை வென்ற டச்சுக்காரர், கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றை இடித்தபோதும் இதனை விட்டுவைத்துத் தம் சீர்திருத்தச் சபைக்கு உரியதாக்கினர். 1795இல் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1804இல் ஆலயம் ஆங்கிலிக்கன் சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1923 முதல் அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். இன்று தென்னிந்தியத் திருச்சபையினர் அங்கு வழிபடுகின்றனர். தரையிலிருந்த போர்த்துக்கேய, டச்சுக் கல்லறைக் கற்கள் பின்னாளில் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சுவர்களில் பதிக்கப்பட்டன.

1524இல் இறந்த காமாவின் எச்சங்கள் 1539இல் போர்ச்சுகலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவரைப் புதைத்த இடம் மட்டும் பேணப்படுகிறது. மக்காவிலிருந்து ஹஜ் பயணிகளுடன் திரும்பிய கப்பலை 1502இல் தீக்கிரையாக்கியவர் அவர். போர்த்துக்கேயரின் கொடுமைகளை ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் தம் 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' என்னும் அரபு நூலில் பதிந்துள்ளார். இத்தகையவரின் கல்லறையைப் பேணுவானேன் என்று நாவலூரில் நம்மிடம் அரபு பயிலும் மாணவர் ஒருவர் வினவினார். கல்லை அகற்றினால் குற்றத்தின் சாட்சியும் அகன்றுவிடும் என்றோம். துஹ்ஃபாவைக் கற்றபின் அக்கல்லின் முன் நிற்பவருக்கே வரலாறு முழுமையாக விளங்கும்.

இத்தாலியின் பலெர்மோ பேராலயமும் இதையே உணர்த்துகிறது. 831இல் முஸ்லிம்கள் நகரைக் கைப்பற்றியபின் பள்ளிவாசலான தேவாலயம், 1072இல் நார்மானியர் வென்றபின் மீண்டும் தேவாலயமாயிற்று. பின்னர் புதிதாகக் கட்டப்பட்ட அப்பேராலயத்தின் தெற்கு மண்டபத் தூணொன்றில் அல்அஃராஃப் அத்தியாயத்தின் வசனம் இன்றும் உள்ளது.

பிறர் காத்ததை வியக்கும் நாம் நம்மையும் அதே கோலால் அளந்துகொள்ள வேண்டாமா? பழம்பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கையில் மீஸான் கற்கள் அகற்றப்படுவதையும், கல்வெட்டுகள் பளிங்குக்குப் பின்னே மறைவதையும் நாமே கண்டிருக்கிறோம். எந்தப் படையெடுப்பாளரும் வந்து செய்ததன்று இது. புதுப்பிக்க முனையும் ஜமாஅத்தார், எழுத்துள்ள கற்களை முதலில் படியெடுக்கட்டும். பிறகு சுவரிலேனும் பதித்து வைக்கட்டும்.