ஷாக்காவுக்குப் பின்னால் எத்தனை பேர்?

2019 அக்டோபர் 27 அன்று எமிரேட்ஸ் மைதானத்தில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக ஆர்சனல் பத்து நிமிடம் முடிவதற்குள் இரண்டு கோல் போட்டது. ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டம் 2-2 ஆகிவிட்டது. 61-வது நிமிடத்தில் கேப்டன் கிரானிட் ஷாக்காவை வெளியே அழைத்து, இளைஞர் புகாயோ சாகாவை இறக்கினார் பயிற்சியாளர் உனாய் எமெரி. கேலரியில் கைதட்டல் எழுந்தது. தங்கள் கேப்டன் வெளியே போகிறார் என்பதற்காக சொந்த ரசிகர்கள் தட்டிய கை அது. அவர் அவசரமில்லாமல் நடந்து வந்ததைப் பார்த்ததும் கைதட்டல் கூச்சலாக மாறியது. ஷாக்கா காதருகே கையைக் குவித்து இன்னும் கத்துங்கள் என்பதுபோலக் காட்டினார், ஏதோ திட்டினார், சட்டையைக் கழற்றிக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டார். ஒன்பது நாட்களில் கேப்டன் பதவி பறிபோனது. இவரை இன்னும் எதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சாராரும், நம் சட்டையைப் போட்டவருக்கு நாமே துணை நிற்காவிட்டால் வேறு யார் நிற்பார்கள் என்று இன்னொரு சாராரும் வாதாடினார்கள். நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் சறுக்கும்போதெல்லாம் எந்த ஊர் கிளப்பிலும் நடக்கும் வாதம்தான் இது. இரு தரப்பும் பொறுமையை மனம் சார்ந்த ஒன்றாக, அன்பு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியாக எடுத்துக்கொள்கின்றன. என் பார்வையில் அது ஆடுகளம் சார்ந்த கேள்வி. அவரிடம் என்ன வேலை கேட்கப்பட்டது, அந்த வேலையில் அவரைச் சுற்றி யார் நின்றார்கள் என்று பார்க்காமல் பொறுமை காட்டுவதும் வீண், பொறுமை இழப்பதும் வீண்.

ரசிகர்களின் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. 2016-ல் போருசியா மன்ஷன்கிளாட்பாக்கிலிருந்து வந்த ஷாக்கா, ஆர்சனலில் இருந்த காலத்தில் ஐந்து சிவப்பு அட்டை வாங்கியவர். 2019 செப்டம்பரில் டாட்டனமுக்கு எதிராகப் பெட்டிக்குள் சோன் ஹியுங்-மின்னை நோக்கிச் சறுக்கி ஒரு பெனால்டியைத் தாரை வார்த்தார். 2021 மார்ச்சில் பர்ன்லி ஆட்டத்தில் தன் கோல் வாசலருகே நின்று அவர் அடித்த பாஸ் கிறிஸ் வுட்டின் மேல் பட்டு வலைக்குள் போனது. பந்தோடு திரும்ப அவருக்கு நேரம் பிடிக்கும். அருமையான இடது கால், ஆனால் பின்னோக்கி விரட்டி ஓடும் வேகம் இல்லை. இவ்வளவும் உண்மை. ஆனால் இந்தப் பட்டியலில் அட்டைகளை விலக்கிவிட்டுப் பார்த்தால் மற்ற பிழைகளில் பெரும்பாலானவை ஒரே நிலப்பரப்பில் நடந்தவை: சொந்தப் பெட்டிக்குள் அல்லது அதற்குச் சற்று முன்னால், பின்னால் நால்வர் மட்டும் அகல விரிந்து நிற்கும் அமைப்பில். முன்கள ஆட்டக்காரர் ஒரு மாலையில் பத்து முறை பந்தைத் தவறவிட்டு ஒரு கோல் போட்டால் மறுநாள் தலைப்புச் செய்தி. அந்த ஆழத்தில் நிற்கும் நடுக்கள ஆட்டக்காரர் அறுபது பாஸைச் சரியாகக் கொடுத்து ஒன்றைத் தவறவிட்டால் அந்த ஒன்றுதான் கோலாகிறது, மீண்டும் மீண்டும் திரையில் ஓடுகிறது.

இனி ஆர்சனலின் இரண்டு எஃப்.ஏ. கோப்பைகளைப் பார்ப்போம். 2017 இறுதிப் போட்டியில் செல்சியை 2-1 என்று வென்றபோது அன்றைய பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் மூன்று மையத் தற்காப்பாளர்களை நிறுத்தியிருந்தார். நடுவில் ஷாக்காவும் ஆரோன் ராம்சியும். 2020-ல் அதே செல்சியை அதே 2-1 என்று வென்றபோது மிகெல் ஆர்டேடாவும் மூவரைத்தான் பின்னால் வைத்தார். நடுவில் ஷாக்காவும் டானி செபாயோஸும். அடுத்த ஆண்டு ஜூன் 28 அன்று புகாரெஸ்டில், உலக சாம்பியன் பிரான்ஸை ஸ்விட்சர்லாந்து 3-3 என்று இழுத்துப் பிடித்து பெனால்டி உதைகளில் வெளியேற்றியது. ஸ்விஸ் கேப்டனாக அன்றிரவு ஆட்டநாயகன் விருது பெற்றவரும் ஷாக்காதான். அங்கேயும் பின்னால் மூவர், பக்கத்தில் ஓயாமல் ஓடும் ரெமோ ஃப்ராய்லர். ஒரு நாள் நன்றாக ஆடுவார், ஒரு நாள் கெடுப்பார், நம்பவே முடியாது என்று கேலரி சொன்னது அவரது குணத்தைப் பற்றி. இந்த மூன்று ஆட்டங்களையும் சேர்த்து வைத்தால் ஏற்ற இறக்கம் அவரது குணத்தில் மட்டும் இருந்ததாகத் தெரியவில்லை, அவரைச் சுற்றியிருந்த அமைப்பிலும் இருந்தது. மூன்று ஆட்டங்களை வைத்து விதி எழுதக் கூடாது என்பது சரி. 2021 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டியிடம் 5-0 என்று தோற்ற ஆட்டத்திலும் ஆர்சனல் மூன்று மையத் தற்காப்பாளர்களோடுதான் இறங்கியது. ஷாக்கா முதல் பாதியிலேயே சிவப்பு அட்டையோடு வெளியேறினார். முன்கோபத்தை எந்த அமைப்பும் சரிசெய்யாது.

இரண்டாவது வழியை ஆர்டேடா 2022-23 சீசனில் கண்டுபிடித்தார். ஷாக்காவுக்குப் பின்னால் ஆள் சேர்ப்பதற்குப் பதிலாக அவரையே முன்னால் தள்ளினார். தாமஸ் பார்டே பின்னால் காவல் நின்றார். இடது தற்காப்பாளரான ஒலெக்சாண்டர் சின்செங்கோ நடுவுக்கு நகர்ந்து பந்தை வாங்கினார். ஷாக்கா இடப்பக்கம் மேலேறி எதிரணியின் பெட்டிக்குள் ஓடத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆறு சீசன்களில் எதிலும் பிரீமியர் லீகில் ஐந்து கோலைத் தொடாதவர், அந்த ஒரு சீசனில் 37 ஆட்டங்களில் 7 கோல் போட்டார், இன்னொரு 7 கோலுக்கு வழி செய்தார். ஆர்சனல் 84 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பிடித்தது. திரும்பும்போது எடுக்கும் நேரம் குறையவில்லை, கால் வேகம் கூடவில்லை. முப்பது வயதில் யாருக்கும் கூடாது. பிழை நடக்கும் இடம் மட்டும் மாறியது. சொந்த கோலிலிருந்து இருபது மீட்டரில் பறிபோகும் பந்தும் எழுபது மீட்டரில் பறிபோகும் பந்தும் புள்ளிவிவரத்தில் ஒன்றுதான், ஸ்கோர்போர்டில் ஒன்றல்ல. சீசனின் கடைசி நாளில் வுல்வ்ஸுக்கு எதிராக முதல் கால் மணி நேரத்துக்குள் அவர் இரண்டு கோல் அடித்தபோது, கிளப்பை விட்டுப் போகாதே என்று பாடியதும் அதே எமிரேட்ஸ் கேலரிதான்.

அந்தக் கூச்சல்தான் அவரை மாற்றியது, அதிர்ச்சி வைத்தியம் பலித்தது என்று சொல்பவர்கள் உண்டு. காலவரிசை இதற்கு ஒத்துவரவில்லை. கூச்சல் நடந்தது 2019-ல். அதன் பிறகும் 2020 டிசம்பரில் பர்ன்லி ஆட்டத்தில் எதிராளியின் கழுத்தைப் பிடித்து ஒரு சிவப்பு அட்டை, 2021-ல் சிட்டிக்கு எதிராக ஒன்று, 2022 ஜனவரியில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் இன்னொன்று. மருந்து கொடுத்து மூன்று ஆண்டு கழித்து நோய் தீர்ந்தால் அதை அந்த மருந்தின் பலன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூச்சல் உடனடியாகச் சாதித்தது ஒன்றுதான்: அந்தக் குளிர்காலத்தில் ஹெர்தா பெர்லினுக்குப் போய்விட அவர் கிட்டத்தட்ட முடிவே செய்திருந்தார். டிசம்பரில் பொறுப்பேற்ற ஆர்டேடா பேசி நிறுத்தாமல் இருந்திருந்தால் 2020 கோப்பையும் 2022-23 சீசனும் வேறு மாதிரி போயிருக்கும்.

டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவனுக்குக் கத்த உரிமையில்லையா என்ற கேள்வி இதைவிட வலுவானது. உரிமை இருக்கிறது. மோசமான ஆட்டத்துக்கு மைதானத்தில் கூச்சலிடுவது இந்த விளையாட்டைப் போலவே பழையது. அதைத் தடுக்கச் சொல்பவர்களுக்குக் கேலரியைத் தெரியாது. குடும்பத்தை இழுத்துச் சமூக ஊடகத்தில் எழுதுவது அந்த உரிமையில் சேராது. மனைவியைக் கொல்வதாகவும், மகளுக்குப் புற்றுநோய் வரட்டும் என்றும் தனக்கு வந்தவற்றை ஷாக்காவே அந்த வாரம் வெளியிட்ட அறிக்கையில் சொன்னார். இதில் விவாதிக்க எதுவும் இல்லை. விவாதிக்க வேண்டியது கூச்சலின் முகவரி. அந்தப் பேலஸ் ஆட்டத்தில் முன்னிலையைக் கோட்டைவிட்டது ஓர் அணி. அந்த அணிக்கு உருவம் கொடுக்க முடியாமல் திணறியவர் பயிற்சியாளர். கேப்டன் யார் என்று சீசன் தொடங்கிப் பல வாரங்கள் அறிவிக்காமல் இழுத்தடித்து, கடைசியில் ரசிகர்களோடு ஏற்கெனவே உரசல் இருந்த ஒருவரை அணி வாக்கெடுப்புக்குப் பிறகு அறிவித்தவரும் எமெரிதான். நவம்பர் முடிவதற்குள் அவரும் போனார். கேலரியின் கோபம் நியாயமானது, போய்ச் சேர்ந்த ஆள்தான் மாறிவிட்டது.

ஷாக்கா அடுத்துப் போன லெவர்குசென் கிளப் என் வாதத்தைக் கவிழ்க்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். 2023-ல் அங்கே போன ஷாக்கா எதிரணிப் பெட்டிக்குள் ஓடவில்லை, மறுபடியும் ஆழத்தில் நின்றுதான் ஆடினார். லெவர்குசென் வரலாற்றில் முதல் புண்டஸ்லிகா பட்டத்தை, அதுவும் லீகில் ஒரு தோல்வியும் இல்லாமல், வென்றது. ஜெர்மன் கோப்பை இறுதிப் போட்டியில் கைஸர்ஸ்லாவ்டர்னுக்கு எதிரான ஒரே கோலும் ஷாக்காவுடையது. ஆழத்தில் நிற்கத் தெரியாதவர் என்றால் இது எப்படி? ஷாபி அலோன்ஸோவின் அணியைப் பார்த்தால் விடை கிடைக்கிறது: பின்னால் தா, டாப்சோபா, ஹிங்காப்பியே என மூவர், பக்கத்தில் துரத்தி ஓட பலாசியோஸ் அல்லது ஆண்ட்ரிஷ், எந்த நொடியிலும் பத்து மீட்டருக்குள் பாஸ் கொடுக்க ஓர் ஆள். புகாரெஸ்டில் இருந்த அதே ஏற்பாடு. ஆர்சனல் ஆறு ஆண்டு தேடி அடைந்ததை அலோன்ஸோ ஆளை வாங்கும்போதே தெரிந்துவைத்திருந்தார். 2025-ல் மறுபடி பிரீமியர் லீகுக்கு ஏறிவந்த சண்டர்லேண்ட் அவரை வாங்கியதும் கேப்டனாக்கியதும் இதையெல்லாம் பார்த்த பிறகுதான்.

பொறுமை வேண்டும் என்று பேசிய தரப்பும் இந்தக் கதையைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாட முடியாது. காத்திருப்பதால் மட்டுமே ஒருவர் தேறிவிடுவார் என்றால் லிவர்பூலில் நாபி கெய்ட்டா தேறியிருக்க வேண்டும். 2018-ல் ஐந்து கோடிப் பவுண்டுக்கு மேல் கொடுத்து லைப்சிக்கிலிருந்து அழைத்துவந்து, ஸ்டீவன் ஜெரார்டின் எட்டாம் எண் சட்டையைக் கொடுத்தார்கள். ஐந்து சீசன் காத்திருந்தார்கள். பெரும் கூச்சல் எதுவும் இல்லை. காயம் அவரைத் தொடர்ச்சியாக ஆடவிடவில்லை. 2023-ல் ஒப்பந்தம் முடிந்து, கைமாற்றுத் தொகை ஏதும் இல்லாமல் கிளம்பினார். அங்கே மாற்றுவதற்கு ஆடுகளத்தில் எதுவும் இல்லை, உடம்புதான் பிரச்சினை. ஷாக்காவோ வெங்கர், எமெரி, ஆர்டேடா என ஒருவருக்கொருவர் ஒத்துவராத மூன்று பயிற்சியாளர்களும் ஏறக்குறைய வாராவாரம் பெயரெழுதிய ஆள். நாட்டுக்காக ஆடும்போது வேறு ஆளாகத் தெரிந்தவர். இந்த அறிகுறிகள் இருக்கும் ஆட்டக்காரருக்காகக் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. அப்போதும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது, எங்காவது நகர்த்திப் பார்க்க வேண்டும்.

நகர்த்திப் பார்ப்பது எவ்வளவு தற்செயலாக நடக்கிறது என்பதற்கு நியூகாசில் சாட்சி. 2019-ல், அதுவரையான கிளப் வரலாற்றிலேயே அதிக விலைக்கு, ஒன்பதாம் எண் முன்கள ஆட்டக்காரராக வந்த ஜோயெலிண்டன் முதல் லீக் சீசனில் போட்டது 2 கோல். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவரை விற்பதா வைத்திருப்பதா என்ற சண்டை. 2021 நவம்பர் 30 அன்று நார்விச்சுக்கு எதிரான ஆட்டத்தில் ஒன்பதாவது நிமிடத்தில் தற்காப்பாளர் கியரன் கிளார்க் சிவப்பு அட்டை வாங்கினார். பத்துப் பேரோடு சமாளிக்க வேண்டிய நெருக்கடியில் பயிற்சியாளர் எடி ஹவ் ஜோயெலிண்டனை நடுக்களத்துக்கு இறக்கினார். அந்த சீசன் முடிவில் நியூகாசிலின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். கோல் போடாத முன்கள ஆட்டக்காரருக்குள் ஒரு முரட்டு நடுக்கள ஆட்டக்காரர் இருந்ததை ஆதரித்தவர்களும் பார்க்கவில்லை, திட்டியவர்களும் பார்க்கவில்லை. கிளார்க்கின் அட்டைதான் காட்டிக்கொடுத்தது.