நிறம் சொல்லும் கண்ணாடி: எங்கே உதவும், எங்கே உதவாது?

நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு முதலில் வந்தவை சாயக் கண்ணாடிகள். ஒளியின் ஒரு பகுதியை வடிகட்டி, காட்சி முழுவதன் நிறத்தையும் அவை மாற்றிவிடும். பேர்பெற்ற அத்தகைய கண்ணாடி ஒன்றை 2018இல் சோதித்த ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தார், அதை அணிவதால் நிறப்பார்வை இயல்பாகிவிடாது என்றே கண்டார்கள்.

ஏ.ஆர். எனப்படும் ஆக்மென்டட் ரியாலிட்டி கண்ணாடியின் வழி வேறு. கேமரா காட்சியைப் படிக்கும். குழப்பும் நிறத்தை மட்டும் மென்பொருள் பிரித்தெடுத்து அதன்மேல் வேறு நிறத்தைப் பூசும். கூகுள் கிளாஸுக்காகக் கலிபோர்னியாவில் உருவான ‘குரோமா’ என்ற மென்பொருள் 2014இலேயே இதைச் செய்துகாட்டியது. எந்த நிறம் வேண்டுமென்று அணிபவரே முடிவுசெய்யலாம் என்பதுதான் இதன் பலம்.

பலவீனங்களும் உண்டு. ஊடே பார்க்கும் திரை வெளிச்சத்தைக் கூட்டுமே தவிர குறைக்காது. டெல்லியின் மே மாத உச்சிவெயிலில் பூசிய நிறம் வெளிறிவிடும். சோடியம் விளக்கின் கீழ் கேமராவே நிறத்தைத் தப்பாகப் படிக்கும். சிவப்பை நீலமாக்கிக் காட்டினால், அசல் நீலத்தோடு குழம்பும். வண்டி ஓட்டும்போது சிறு தாமதமும் ஆபத்து.

செலவும் சொந்தக் கையைத்தான் கடிக்கும். ஏனெனில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் நிறக்குறைபாடு இடம்பெறவில்லை. ஆனாலும், நிறக்குறைபாட்டால் தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணி மறுக்கப்பட்டவரைப் பணியில் அமர்த்தும்படி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வசதி செய்துதர வேண்டிய பொறுப்பு வேலை கொடுப்பவருக்கும் உண்டு என்பதே இதன் சாரம். கண்ணாடி பரவலானால், “அதை மாட்டிக்கொண்டு வா” என்று அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க வழி பிறந்துவிடும்.

கண்ணாடியே தேவைப்படாத இடங்களும் உண்டு. டெல்லி மெட்ரோவையே எடுத்துக்கொள்வோம். மண்டி ஹவுஸில் நீல வழித்தடமும் ஊதா வழித்தடமும் சந்திக்கின்றன. சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ள பலருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே நீலம்தான். ஊதாவில் கலந்துள்ள சிவப்பு அவர்கள் கண்ணுக்கு எடுபடாது. ஆனால் வழித்தடங்களுக்கு எண்களும் உண்டு: நீலத்துக்கு 3, 4, ஊதாவுக்கு 6. நிறத்துக்குச் சமமாக எண்ணையும் பெரிதாக எழுதினால் போதும், கருவியே வேண்டாம். மனிதர் வகுத்த குறியீட்டை மனிதரே திருத்திவிடலாம்.

ஆனால் டெல்லியின் ஆசாத்பூர் மண்டியில் தக்காளி பழுத்ததா, காயா என்று எவரும் எழுதிவைக்க முடியாது. சரோஜினி நகர்க் கடையில் சட்டைக்குப் பொருத்தமான துணி தேடுவதும் அப்படித்தான். அங்கே, அடுத்தவரைக் கேட்காமல் தானே தேர்ந்தெடுக்க விரும்புகிறவருக்கு இந்தக் கண்ணாடி காசு கொடுத்து வாங்கத் தகுந்தது.